பரணில் கிடைத்த மெடல்கள்: ஒரு பெட்டி, இரண்டு பேர்

கேள்வி: நாங்கள் நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றங்கரைக் கிராமம். எங்கள் வீட்டை ஊரில் இன்றும் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் சொல்வார்கள். போன மாதம் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. அதில் கொள்ளுத் தாத்தாவின் மெடல்கள் இருந்தன. ஒன்று நட்சத்திரம். ஒன்று வெள்ளி மாதிரி, கறுத்துப்போன வட்டம். இன்னொன்று மஞ்சள் உலோகம், இறக்கை வைத்த பெண் உருவம். நட்சத்திரத்தின் பின்பக்கம் ஒரு நம்பர், எஸ்.பி.ஆர்., கொள்ளுத் தாத்தா பெயர், 2 க்யூ.வி.ஓ. எஸ். & எம். என்று இருக்கிறது. மற்ற இரண்டின் ஓரத்திலும் அதே நம்பர், அதே பெயர், எஸ்.பி.ஆர். இருந்த இடத்தில் மட்டும் நாயக். கூடவே ஓர் ஊசிப் பட்டையில் ஆறு குட்டி மெடல்கள்: ரோஸ் ரிப்பனில் ஒரு சிலுவை, இரண்டு நட்சத்திரம், மூன்று வட்டம். அவற்றில் பெயரே இல்லை. கொள்ளுத் தாத்தா பஸ்ராவில் சண்டை போட்டு விக்டோரியா மெடல் வாங்கினார் என்று அப்பா சொல்வார். குட்டி மெடல்கள் அவற்றின் நகலா? அத்தை புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். கும்பகோணத்தில் ஒரு வெள்ளிக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். சித்தப்பா மகன் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்கிறான். குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போன வேறு ஆள் கிடையாது. தாத்தாவின் அண்ணன் ஒருவர் டாக்டர், ‘பர்மா டாக்டர்’ என்பார்கள். அவர் பிள்ளைகள் திருச்சியில் இருக்கிறார்கள். படங்கள் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

முதல் வேலையாக அந்தப் புளியைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி, மெடலுக்கு ஆகாது. மெடலின் உயிர் அதன் முகத்தில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது. ராஜா தலை லட்சக்கணக்கான மெடல்களில் ஒன்றுபோல இருக்கும். ஓரத்தில் அடித்திருக்கும் நம்பரும் பெயரும்தான் அது உங்கள் கொள்ளுத் தாத்தாவுடையது என்று சொல்கிறது. அந்த எழுத்துகள் அதிக ஆழமில்லாமல் பதிந்தவை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குத் தேய்த்துத் தேய்த்து, நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் காணாமல் போன மெடல்களை நிறையப் பார்த்துவிட்டேன். பளபளப்பு வரும், ஆள் போய்விடுவார். கறுப்பு அப்படியே இருக்கட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் இருப்பது ஒருவருடைய மெடல்கள் அல்ல. இரண்டு பேருடையவை. பெரிய மூன்றும் கொள்ளுத் தாத்தாவுடையவை. ஊசிப் பட்டையில் இருக்கும் ஆறும் அவருடையவையாக இருக்க வழியே இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய மூன்றும் முதல் உலகப்போருக்கானவை. நட்சத்திரம் ‘1914–15 ஸ்டார்’. வெண்கலம், குறுக்கே இரண்டு வாள்கள், நடுவில் ஆண்டு. பின்பக்கம் வெறுமையாக விட்டு அங்கேதான் பெயரை அடிப்பார்கள். கறுத்த வட்டம் ‘பிரிட்டிஷ் வார் மெடல்’. அது வெள்ளிதான், 36 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஆடையில்லாத வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள். இதே மெடலைத் தொழிலாளர் படை, சுமைப்படை ஆட்களுக்கு வெள்ளியில் தராமல் வெண்கலத்தில் அடித்துத் தந்தார்கள். உங்களுடையது வெள்ளி என்பதும் ஒரு தகவல்தான்; ஆயுதம் ஏந்திய படையில் பெயர் பதிந்தவர் என்று அதற்குப் பொருள். இறக்கை வைத்த பெண் இருப்பது ‘விக்டரி மெடல்’. வானவில் நிறத்தில் ரிப்பன், நேர்க்கம்பி இல்லாமல் ஒரு வளையத்தில் தொங்கும்.

உங்கள் அப்பா சொன்ன விக்டோரியா மெடல் இந்த விக்டரி மெடல்தான். டெல்டாவில் மட்டுமல்ல, வட ஆற்காடு, மதுரைப் பக்கத்துக் குடும்பங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. விக்டோரியா கிராஸ் என்பது கருஞ்சிவப்பு ரிப்பனில் தொங்கும் வெண்கலச் சிலுவை. இந்தியச் சிப்பாய்கள் அதற்குத் தகுதி பெற்றதே 1911இல். முதலில் வாங்கியவர் குதாதாத் கான், 1914இல் பெல்ஜியத்தில் நடந்த சண்டைக்காக. அதை வாங்கிய ஒவ்வொருவர் பெயரும் பட்டியலில் இருக்கிறது, ஒருவர்கூட விடுபடவில்லை. எனவே அந்தக் கதையை இத்துடன் விட்டுவிடலாம். அப்பா கதை கட்டவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

இதைக் கேட்டு மனம் சோர வேண்டாம். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் நட்சத்திரம் சொல்லும் சேதி எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுகிறது.

அந்த நட்சத்திரம் போருக்குப் போன எல்லோருக்கும் கிடைத்ததல்ல. 1915 டிசம்பர் 31க்குள் ஏதாவது ஒரு போர்முனையில் காலை வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் போனவர்களுக்கு வட்ட மெடல்கள் மட்டுமே. ஆக, போர் தொடங்கிய முதல் பதினேழு மாதத்துக்குள் இவர் கப்பல் ஏறிவிட்டார். நட்சத்திரத்தில் எஸ்.பி.ஆர்., அதாவது சாப்பர், பட்டாளத்தின் பொறியாளர் பிரிவில் சாதாரணச் சிப்பாய். மற்ற இரண்டிலும் நாயக், அதற்கு மேலான பதவி. போன இடத்திலோ திரும்பியதுமோ பதவி உயர்ந்திருக்கிறது. மூன்றிலும் நம்பர் ஒன்றுதான், பெயரின் எழுத்துக்கூட்டல்கூட மாறவில்லை. ஓரத்தில் அராவிய அடையாளமும் உங்கள் படங்களில் தெரியவில்லை. சந்தையில் சிலர் பழைய பெயரை அராவி அழித்துவிட்டு, விலைபோகும் வேறு பெயரை அடித்து விற்பதுண்டு. அப்படிச் செய்தால் குறுக்களவு அரை மில்லிமீட்டராவது குறையும், விளிம்பின் மேடும் தட்டையாகும். பரணிலேயே தூங்கிய பெட்டியில் அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது அந்த ‘2 க்யூ.வி.ஓ. எஸ். & எம்.’. இதை வைத்து நீங்கள் தேடியிருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது, ஏனென்றால் அதில் மெட்ராஸ் என்ற பெயரே இல்லை. இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்பது அதன் விரிவு. அன்றைக்கு ஒன்றாம் எண் வங்காள சாப்பர்ஸ், ரூர்க்கியில். மூன்றாம் எண் பம்பாய் சாப்பர்ஸ், கிர்க்கியில். இரண்டாம் எண்தான் பெங்களூரில் இருந்த நம் மெட்ராஸ் சாப்பர்ஸ். 1920களில்தான் மெட்ராஸ் என்ற சொல் திரும்பவும் பெயருக்குள் வந்தது. பட்டாளத்தில் இவர்களுக்கு இன்றுவரை ‘தம்பி’ என்று பட்டப் பெயர். எங்கள் பக்கத்து ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று வெள்ளைக்கார அதிகாரிகள் முடிவுகட்டி, மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டு வந்த காலம் அது. சாப்பர்ஸைத் தொட முடியவில்லை, அவர்கள் வேலை அப்படி. அடுத்த போரில் அதே படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞானோ என்ற இடத்தில், கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடிமேல் விழுந்து உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள்.

சாப்பர் என்றால் துப்பாக்கி பிடித்தவர்தான், ஆனால் அன்றாடம் கையில் இருப்பது மண்வெட்டி, கோடரி, கயிறு, படகுச் சட்டம். பாலம் போடுவது, பாதை போடுவது, கரை கட்டுவது, குடிதண்ணீருக்கு வழி பார்ப்பது. பஸ்ரா இருக்கும் மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், நடந்த போர் முழுக்க ஆற்றை ஒட்டி நடந்த போர். 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் எதிரிகளின் குண்டுக்கு நடுவே டைகிரிஸ் ஆற்றைக் கடந்ததில் சாப்பர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த மாதம் 11ஆம் தேதி பாக்தாத் பிடிபட்டது. வெண்ணாற்றங்கரையில் மண் அணைத்து வளர்ந்த ஒரு ஆளை அங்கே என்ன வேலைக்கு வைத்திருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் ஊகம் ஊகம்தான். நட்சத்திரம் அவர் போர்முனைக்குப் போனார் என்று சொல்கிறதே தவிர, பஸ்ராவுக்குப் போனார் என்று சொல்லவில்லை. சூயஸ் கால்வாய்க்கோ கிழக்கு ஆப்பிரிக்காவுக்கோ போனவருக்கும் இதே நட்சத்திரம்தான். பஸ்ராவுக்குக் காகிதம் வேண்டும்.

குட்டி மெடல்களுக்கு வருகிறேன்.

இவற்றை மினியேச்சர் என்பார்கள். ராத்திரி விருந்து, அதிகாரிகளின் மெஸ், கவர்னர் வீட்டு வைபவம் போன்ற இடங்களுக்குப் போகும்போது கோட்டில் பெரிய மெடல்களுக்குப் பதிலாகக் குத்திக்கொள்வது. அளவு ஏறத்தாழ சரிபாதி. சர்க்கார் இவற்றைக் கொடுப்பதில்லை. ராணுவத் தையல்காரரிடமோ நகைக்கடையிலோ அவரவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அதனால்தான் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் போலி என்று நினைக்க வேண்டாம். பெயர் இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம் என்பதால், மினியேச்சர் மட்டும் எதற்கும் அத்தாட்சி ஆகாது.

சாப்பரோ நாயக்கோ மினியேச்சர் வாங்குவது வழக்கமில்லை, மெஸ் உடுப்பு உடுத்தும் அதிகாரிக்குத்தான் அதற்குத் தேவை இருக்கும். உங்கள் சந்தேகம் தீர இது போதாது என்றால் ரிப்பன்களைப் பாருங்கள். அவை பேசும்.

இடமிருந்து இரண்டாவது, முதல் நட்சத்திரம்: கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சமமான பட்டை. அது 1939–45 ஸ்டார். மூன்று நிறமும் கடற்படை, தரைப்படை, விமானப்படை. அடுத்த நட்சத்திரத்தில் நடுவே அகலமான சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஒரு ஆரஞ்சுக் கோடு. இது பர்மா ஸ்டார். பிறகு முதல் வட்டம், சிவப்பு, நீலம், வெள்ளை, நட்டநடுவில் நூல் மாதிரி ஒரு சிவப்பு: வார் மெடல். அதன் பின்பக்கத்தில் இரட்டைத் தலை டிராகனின்மேல் சிங்கம் நிற்கும். இரண்டாவது வட்டம் நீலத்திலேயே இரண்டு சாயல், பின்னால் இந்தியாவின் வரைபடம்: இந்தியா சர்வீஸ் மெடல். கடைசி வட்டத்தின் ரிப்பன் எல்லோருக்கும் தெரிந்தது. காவி, வெள்ளை, பச்சை. ஒரு பக்கம் அசோகச் சிங்கத் தூண், மறுபக்கம் சக்கரம், சக்கரத்துக்கு மேலே பிரிட்டிஷ் கிரீடம்! சக்கரமும் கிரீடமும் ஒரே மெடலில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அது 1947 சுதந்திர மெடல்.

ஆறுமே இரண்டாம் உலகப்போரும் அதற்குப் பிந்தியவையும். கொள்ளுத் தாத்தா வரிசையாக இருந்தால் முதல் போரின் மூன்று மெடல்களும் இதே பட்டையில், முன்னால் இருந்தாக வேண்டும். சம்பாதித்த மெடலை எந்தப் பட்டாளத்துக்காரரும் விட்டுவிட்டுக் குத்திக்கொள்ள மாட்டார். அவை இல்லை. ஆகவே இது வேறு ஆள்.

யார்? உங்கள் கடிதத்தில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். பட்டாளத்துக்குப் போன வேறு ஆள் கிடையாது என்று எழுதிய கையோடு ‘பர்மா டாக்டர்’ என்று ஒருவரைச் சொல்கிறீர்கள். ரங்கூனில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார் என்று குடும்பத்தில் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டர்களை அதிகாரிகளாகச் சேர்த்துக்கொண்ட இந்தியன் ஆர்மி மெடிக்கல் கோர் 1943 ஏப்ரலில் உருவானது. மெட்ராஸ் மாகாணத்திலிருந்து நிறைய டாக்டர்கள் அவசரகால கமிஷனில், அதாவது போர்க்கால அதிகாரி நியமனத்தில், சேர்ந்தார்கள். உங்கள் பெரிய தாத்தா அவர்களில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஒரு நுணுக்கம்: பர்மா ஸ்டார் இருப்பதால் பர்மாவுக்குள் போனார் என்று சொல்லிவிட முடியாது. வங்காளம், அஸ்ஸாம் பக்கத்தில் குறிப்பிட்ட தேதிகளுக்குள் வேலை பார்த்தவர்களுக்கும் அது உண்டு. இம்பாலிலோ கோஹிமாவிலோ கூடாரத்து ஆஸ்பத்திரியில் இருந்திருந்தாலும் அவர் ‘பர்மா டாக்டர்’தான்.

சுதந்திர மெடல் இன்னும் இரண்டு சேதி சொல்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று படையில் பெயர் இருந்தவர்களுக்குத்தான் அது. போர் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டவர் அல்ல அவர். அந்த மெடலை ஏற்படுத்தியதே 1948இல். ஆகவே இந்த வரிசையை அதற்கு முன்னால் கட்டியிருக்க முடியாது.

மிச்சம் இருப்பது முதலில் இருக்கும் சிலுவை. பெட்டியிலேயே கனமான பொருள் அதுதான், எடையில் அல்ல. ரோஸ் நிறம், ஓரங்களில் சாம்பல், நடுவிலும் ஒரு சாம்பல் கோடு. ஆர்டர் ஆஃப் தி பிரிட்டிஷ் எம்பயர். 1937க்கு முன்னால் இந்த ரிப்பன் ஊதா. நடுக்கோடு இருந்தால் ராணுவப் பிரிவு, இல்லாவிட்டால் சிவில். நடுவட்டத்தில் ஐந்தாம் ஜார்ஜும் மேரி ராணியும் அடுத்தடுத்து இருப்பார்கள். சுற்றி ‘ஃபார் காட் அண்ட் தி எம்பயர்’ என்ற வாசகம். இந்த விருதில் வெறும் வெள்ளி என்றால் எம்.பி.ஈ., தங்க முலாம் என்றால் அதற்கு ஒரு படி மேலான ஓ.பி.ஈ. மினியேச்சரில் இதுதான் தகராறு, முலாம் தேய்ந்தால் இரண்டும் ஒன்று போல ஆகிவிடும். ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, சிலுவையின் நான்கு கைகளும் நடுவட்டத்தைத் தொடும் இடுக்குகளைப் பாருங்கள். கை படாத இடம் அது. மஞ்சள் துளி தெரிந்தால் ஓ.பி.ஈ. உங்கள் படத்தில் வெள்ளையாகத்தான் தெரிகிறது, என் ஊகம் எம்.பி.ஈ. கேப்டன், மேஜர் நிலை அதிகாரிக்குப் பொருந்துவதும் அதுதான்.

மற்ற ஐந்தும் அங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் கிடைத்தவை. இந்தச் சிலுவை ஆள் பார்த்துக் கொடுத்தது. ஆள் பார்த்துக் கொடுத்தது என்றால் எங்காவது அச்சில் வந்திருக்க வேண்டும். பெயரில்லாத இந்த வரிசைக்குப் பெயர் கிடைக்கப்போவது இந்த வழியில்தான். பிரிட்டிஷ் அரசிதழான ‘லண்டன் கெஜட்’ முழுவதும் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. 1943 முதல் 1947 வரை தேதி வைத்துக்கொண்டு பெரிய தாத்தாவின் பெயரைப் போடுங்கள். ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். சுவாமி, சாமி, ஸ்வாமி, கடைசியில் ‘ஐ’ அல்லது ‘ஒய்’, பெயரைப் பிரித்து, சேர்த்து என்று எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாக வாசித்திருக்கவும் கூடும். பெயரில் வராவிட்டால் ஐ.ஏ.எம்.சி. (இந்தியன் ஆர்மி மெடிக்கல் கோர்) என்ற படைப்பெயரை வைத்துத் தேடி, பட்டியலைக் கண்ணால் ஓட்டுங்கள். கிடைத்துவிட்டால் அடுத்தது லண்டன் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் என்ற ஆவணக் காப்பகம். அங்கே டபிள்யூ.ஓ. 373 என்ற வரிசையில் விருதுக்கான சிபாரிசுக் கடிதங்கள் இருக்கின்றன. பெயர் போட்டுத் தேடலாம். அந்தத் தாளில் அவர் எங்கே, என்ன செய்தார் என்று மேலதிகாரி கையெழுத்திட்டு ஒரு பத்தி எழுதியிருப்பார். வீட்டில் யாருக்கும் அவர் சொல்லாத கதையாக இருக்கும். இந்தத் தலைமுறை டாக்டர்கள் இதைப் பற்றியெல்லாம் பேசியதே இல்லை. இதோடு, மெட்ராஸ் மெடிக்கல் கவுன்சில் அச்சிட்டு வந்த டாக்டர்கள் பதிவேட்டில் அவர் படிப்பு, பதிவு செய்த ஆண்டு, விலாசம் மூன்றும் இருக்கும். அச்சான ‘இந்தியன் ஆர்மி லிஸ்ட்’டில் கமிஷன் தேதி கிடைக்கும்.

கொள்ளுத் தாத்தாவைத் தேடுவது இதைவிடக் கஷ்டம். அதிகாரியின் பெயர் பத்து இடத்தில் அச்சாகும், சிப்பாயின் பெயர் மெடல் ஓரத்தில் மட்டும் இருக்கும். பஞ்சாபுக்கு ஊர்வாரியாக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அது பஞ்சாபுக்கு மட்டும். நம் பக்கத்தில் சில இடங்களில் ‘இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள்’ என்று கல்வெட்டு உண்டு. அதிலும் எண்ணிக்கைதான், பெயர் இருக்காது.

ஆகவே வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருக்கும் காகிதத்தை எடுத்தீர்களா? டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டை மடித்து அடியில் போட்டு அதன்மேல் துணி வைப்பது பழைய பழக்கம். பென்ஷன் புத்தகம், நிலப் பத்திரங்களுக்கு நடுவே செருகிய கடிதம், சீருடையில் எடுத்த போட்டோ எதுவானாலும் சரி. நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு எண்: கம்பெனி நம்பர். சாப்பர்ஸ் படை கம்பெனி கம்பெனியாகப் பிரிந்து வெவ்வேறு போர்முனைக்குப் போனது. அந்த எண் கிடைத்துவிட்டால் அதே நேஷனல் ஆர்க்கைவ்ஸில் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் அந்தக் கம்பெனியின் போர் நாட்குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்ன தேதி இந்த இடத்தில் பாலம் போட்டோம், இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று தினசரி எழுதிய குறிப்பு. உங்கள் கொள்ளுத் தாத்தா பெயர் அதில் வராது. ஆனால் அவர் அன்று எங்கே நின்றார் என்று தெரியும், பஸ்ராவா இல்லையா என்பதும் முடிவாகும்.

கூடவே பெங்களூர் அல்சூரில் இருக்கும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் மையத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். இவர்கள்தான் அந்த இரண்டாம் எண் சாப்பர்ஸின் வாரிசு. ஆங்கிலத்தில், மெடலில் இருக்கிற நம்பரை முதல் வரியில் போட்டு, பெயரை மெடலில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதி, மூன்று ஓரங்களின் படத்தையும் இணையுங்கள். ஊரை எழுதும்போது திருவாரூர் மாவட்டம் என்று எழுதினால் யாருக்கும் பிடிபடாது. அந்த மாவட்டம் பிறந்தது 1997இல். அன்றைய கணக்கில் உங்கள் ஊர் டாஞ்சோர் டிஸ்ட்ரிக்ட், மன்னார்குடி தாலுகா. நீடாமங்கலத்தையும் ‘நிடாமங்கலம்’ என்று குறிலில்தான் எழுதியிருப்பார்கள். நூறு வருஷத்துக்கு முந்தின சாதாரணச் சிப்பாயின் தாள் கிடைக்கும் என்று உறுதியாக நம்பிவிட வேண்டாம். ஆனால் கடிதத்துக்கு ஆகும் செலவு ஒரு தபால்தலைதான்.

வைத்துக்கொள்வது பற்றி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீடுகளில் சுவரே வியர்க்கும், அதுதான் முதல் எதிரி. பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், பி.வி.சி. உறையில் வைத்த வெண்கலம் பச்சை பிசுபிசுப்பாகிவிடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் வெள்ளியில் அந்த இடம் கறுப்புக் கோடாகப் பதிந்துவிடும், அதில் கந்தகம் இருக்கிறது. தனித்தனியாகப் பழைய, கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரிப்பனைத் துவைக்காதீர்கள். நைந்திருந்தாலும் மாற்றாதீர்கள். முக்கியமாக, அந்த ஊசிப் பட்டையிலிருந்து மினியேச்சர்களைக் கழற்றி ஆளுக்கொன்று என்று பங்கு போட்டுவிடாதீர்கள். வரிசையாக இருக்கும்போதுதான் அவை ஒரு மனிதரைச் சொல்கின்றன. பட்டையின் பின்பக்கத் துணியில் தையல்காரரின் சீட்டு ஒட்டியிருந்தால் அதையும் படம் எடுத்துவையுங்கள்.

விற்பது உங்கள் இஷ்டம். ஆனால் வெள்ளிக் கடைக்கு மட்டும் வேண்டாம். 1980 வாக்கில் வெள்ளி விலை ஏறிய சமயம் உலகம் முழுக்க இந்த வார் மெடல்களை மூட்டை மூட்டையாக உருக்கினார்கள். அதனால்தான் பல வீடுகளில் நட்சத்திரமும் விக்டரியும் இருக்கும், நடுவிலிருந்த வெள்ளி மட்டும் இருக்காது. உங்களிடம் மூன்றும் ஒரே பெயரில், பிரியாமல் இருக்கின்றன. சேகரிப்பவர்கள் மதிப்பது அதைத்தான். எடை போடுகிறவருக்கு அது கணக்கில் வராது. சித்தப்பா மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நூறு வருஷம் தாண்டிய வரலாற்றுப் பொருளை அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் இடம் தராது. முதல் உலகப்போர் மெடல்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. கூரியரில் போட்டு அனுப்பினால் சுங்கத்தில் மாட்டும், திரும்ப வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

அதோடு மினியேச்சர் வரிசை நீங்கள் விற்கக்கூடிய பொருள்தானா என்பதே கேள்வி. அது என் ஊகப்படி பெரிய தாத்தாவுடையது என்றால், திருச்சியில் இருக்கும் அவர் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவருடைய பெரிய மெடல்கள் அங்கே யார் பீரோவிலாவது இருக்கலாம். இந்தியாவில் கொடுத்த இரண்டாம் உலகப்போர் மெடல்களில் பெரும்பாலும் பெயர் அடித்திருப்பார்கள். பிரிட்டனில் கொடுத்தவை வெறும் ஓரமாக இருக்கும். அவர் பெயர் பதிந்த ஒரு மெடல் அகப்பட்டாலே, இதுவரை நான் எழுதியதில் பாதி ஊகம் உறுதியாகிவிடும். ஒன்றும் இல்லை என்றாலும், அவர் எந்த வருஷம் எங்கே படித்தார், இனிஷியல் என்ன என்பதாவது கிடைக்கும்.

இடுக்கு தெரிகிற மாதிரி சிலுவையை வெயிலில் சாய்வாக வைத்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று படம் எடுங்கள். பின்பக்கத்தில் சிங்கம், ஆங்கில எழுத்து என்று பொடி முத்திரை ஏதும் இருந்தால் அது நன்றாக விழ வேண்டும். அந்தப் படங்களோடு பெரிய தாத்தாவின் முழுப் பெயரையும் இனிஷியலையும் சேர்த்து அனுப்பினால், கெஜட்டில் நானும் ஒரு முறை தேடிப் பார்க்கிறேன்.